மூன்றாம் மாடிக்கு வந்தவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். படியேறும்போது முழங்கால் மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கடிதமா என்று சிரிக்காதே. போனில் நான் என்ன சொன்னாலும் நீ "ம்" என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். பதினான்கு "ம்", இரண்டு "சரிக்கா". எழுத உட்கார்ந்தால் ஒரு வரியாவது எழுதுவாய் என்று நினைக்கிறேன். இங்கே அலமாரியில் இரண்டு பெட்டி உறைகள் கிடக்கின்றன. எடுக்க ஆளில்லை.

ஆளில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். எங்கள் மூன்றாம் மாடியில் ஐம்பத்திரண்டு இருக்கைகள். இன்று வந்தவர்கள் பதினொருவர். கதவுப் பக்கத்துச் சின்னத் திரை அதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆள் அசையாவிட்டால் விளக்குகள் தாமாக அணைந்துவிடும். நான் எழுந்து கையை ஆட்டிவிட்டு உட்காருகிறேன். யாராவது பார்த்தால் யாரையோ வழியனுப்புகிறேன் என்று நினைப்பார்கள்.

மேலாளர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அக்கா, தலைமை ஆபீஸ்ல ஜூன் வரைக்கும் பார்ப்பாங்க. சராசரி முப்பத்தஞ்சு பேர் வரலேன்னா வாடகை மாடியைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க" என்றார். "அப்போ நான்?" என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். மாடி இல்லையென்றால் மாடிப் பொறுப்பாளர் எதற்கு? இருபத்திரண்டு வருடம் ஆகிறது, தம்பி.

இளசுகள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று எல்லோரையும் கேட்டு ஓர் அறிக்கை தர வேண்டுமாம். நீயும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன்தானே. உண்மையைச் சொல். ஏன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியம். முழங்காலுக்கு மருந்து தடவு, மருந்துக் குப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே.

காரணம் கேட்டாய். ஆபீஸ் போக ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பி வர இரண்டு. அந்த நேரத்தில் தூங்கலாம். ஆபீஸுக்குப் பக்கத்தில் வாடகை இரண்டு மடங்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே உட்கார்ந்து, வீட்டில் செய்கிற அதே வேலையைச் செய்ய வேண்டும். என் வேலை உனக்குத் தெரியும். இடிபட்ட வண்டியின் படங்களைக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும். எது உண்மையாக உடைந்தது, எது பழைய அடி என்று பார்த்து எழுதுவேன். அதற்கு ஒரு திரையும் நாற்காலியும் போதும். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

இதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொள். மேலாளருக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ எழுதியதை வாய்பாடு மாதிரி எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பஸ், வாடகை, தூக்கம். வராத நாற்பத்தொரு பேரையும் போனில் பிடித்தேன். யார் முகமும் எனக்கு ஞாபகமில்லை. பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்ததே வீட்டிலிருந்து. பயிற்சிக்கு மூன்று நாள் வந்து, கதவில் வைத்து வருகை பதிகிற கார்டு வாங்கி, போகும்போது என்னிடமே கொடுத்துவிட்டுப் போனவர்கள். "தொலைச்சிடுவோம்கா, நீங்களே வச்சிருங்க." நாற்பத்தொரு கார்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இருக்கை எண்ணை வைத்துத்தான் ஆளைத் தெரியும்.

ஒன்பது சொன்னான், "அக்கா, நீங்க எங்களை வரச்சொல்லிக் கேக்கறீங்களா, வேவு பார்க்கறீங்களா?" முப்பத்தாறு, "வந்தா நல்ல காபி உண்டா?" என்று கேட்டு அவனே சிரித்தான். இருபத்தேழு மட்டும் நிதானமாகப் பேசினாள். அவள் அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவாராம். நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு அதிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தனி அனுமதி வைத்திருக்கிறாள். "அது இல்லேன்னா வேலை இல்லைக்கா" என்றாள்.

டீயம்மா முன்பு நான்கு பிளாஸ்க் கொண்டுவருவாள். இப்போது ஒன்று, அதிலும் மிச்சம். "உனக்கும் எனக்கும்தான் இந்த மாடி, கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்கிறாள்.

நீ அறிக்கைக்குச் சொன்னாய். இப்போது அக்காவுக்குச் சொல்.

உன் அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் மேசையில் இருந்தது. எழுத உட்காருவேன், இடிபட்ட வண்டி ஒன்று வந்துவிடும்.

ஆபீஸில் நான் இருந்தது பதினொரு மாதம். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் எழுந்துபோவார்கள். என்னை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கூப்பிட்டதும் இல்லை. முதல் வாரம் கூடப் போயிருந்தால் சேர்ந்திருப்பேன். ஏதோ வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரவர் நாற்காலி முடிவாகிவிட்டது. தூண் பக்கத்தில் ஒற்றை மேசை ஒன்று உண்டு. அங்கே சாப்பிடுவேன். போனைப் பார்த்துக்கொண்டு, ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முகத்தை வைத்துக்கொள்வது வேலையைவிடக் களைப்பாக இருந்தது.

வீட்டிலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இங்கே அது வெறும் சாப்பாடு. யாரும் பார்ப்பதில்லை.

போன மாதம் வாசலில் பார்சல்காரர் பெயரைக் கேட்டார். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கணக்குப் போட்டால் மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. சளி என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். இதைப் படித்துவிட்டுப் பயந்து போன் செய்யாதே. சிரிப்பதற்காக எழுதினேன்.

தம்பி

---

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போன் செய்யவில்லை, செய்யாதே என்று எழுதியிருந்ததால். வெந்நீர் குடி.

இங்கே நல்ல செய்தி. ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் பன்னிரண்டு, பிறகு பதினைந்து, இந்த வாரம் முப்பத்தெட்டு. எட்டு ஐம்பதுக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் வரிசையாகப் பதிவாகிவிடுகிறது. மேலாளர் கீழேயிருந்து போன் செய்து, "என்னக்கா மந்திரம் போட்டீங்க?" என்றார். "அன்பாப் பேசினேன் சார்" என்றேன். தலைமை அலுவலகத்துக்கு என் பெயரை எழுதியிருக்கிறாராம்.

வேலை அதிகம். இத்துடன் முடிக்கிறேன்.

உன் அக்கா

---

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தொண்டையும் நலம்.

முப்பத்தெட்டா! எனக்கே உன் மாடிக்கு வரவேண்டும்போல் இருக்கிறது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஒன்பது இன்னும் உன்னை உளவாளி என்கிறானா? முப்பத்தாறுக்குக் காபி பிடித்ததா? மதியம் யார் யாரோடு உட்காருகிறார்கள்? தனியாக யாராவது உட்கார்ந்தால் நீ போய் உட்காருவாய், எனக்குத் தெரியும்.

இருபத்தேழும் வந்தாளா? அப்படியானால் அவள் அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

விவரமாக எழுது. உன் கடிதம் இந்த முறை சின்னதாக இருந்தது.

தம்பி

---

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நேற்று நாற்பத்தைந்து. மேலாளர் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

டீயம்மாதான் புலம்புகிறாள், ஒரு பிளாஸ்கே தீரவில்லை என்று. அவளுக்கு எப்போதும் புலம்பல்தான்.

இங்கே வெயில் அதிகம். உன் அறையில் காற்று வருகிறதா? ஜன்னலைத் திறந்து வை.

உன் அக்கா

---

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜன்னல் திறந்தே இருக்கிறது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன்பக்கம் முழுக்க நொறுங்கியது என்று எழுதி அனுப்புவார்கள். படத்தில் விளக்குக் கண்ணாடி கீறல் இல்லாமல் இருக்கும். யாரையும் பொய்யர் என்று எழுத மாட்டோம். "இன்னொரு படம் அனுப்பவும்" என்று மட்டும் எழுதுவோம்.

நாற்பத்தைந்து பேர். ஒரு பிளாஸ்க் தீரவில்லை. யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வரி இல்லை. இருபத்தேழைப் பற்றிக் கேட்டேன், வெயிலைப் பற்றி எழுதினாய்.

அக்கா, அந்த நாற்பத்தொரு கார்டுகளும் உன் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றனவா?

கோபித்துக்கொள்ளாதே. நீ எதைச் சொன்னாலும் நான் உன் தம்பிதான்.

தம்பி

---

மே 19

தம்பிக்கு,

ஒரு மாதம் உனக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. முகம் இல்லை.

நீ கேட்டது சரி. கார்டுகள் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. தினமும் காலையில் எடுக்கிறேன்.

உன் சாப்பாட்டுக் கடிதம் வந்த அன்று ஆரம்பித்தேன். உன்மேல் பழி போடவில்லை. அன்று படித்துவிட்டு நிமிர்ந்தபோது விளக்குகள் அணைந்திருந்தன. கதவுக்குப் போனேன், கையில் ஒரு கார்டு இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்கக் கதவுக் கருவியில் வைத்தேன். திரையில் பதினொன்று, பன்னிரண்டு ஆனது. மறுநாள் நான்கு கார்டு. பிறகு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டுபோனேன். மாடிக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு கார்டாக வைக்கும்போது படத்தைப் பார்த்து, "வாம்மா, சாப்ட்டியா?", "என்னப்பா இன்னிக்கும் லேட்டு?" என்று பேசியிருக்கிறேன். பத்து நிமிடம். நாளில் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எழுந்திருக்கிறேன் என்று எப்போது ஆனது, தெரியவில்லை.

இனி முக்கியமான விஷயம். இருபத்தேழின் அனுமதி இந்த மாதம் புதுப்பிக்க வந்தது. தலைமை அலுவலகத்தில் பதிவைப் பார்த்தார்கள். வாரம் நான்கு நாள் அலுவலகம் வருகிறவளுக்கு எதற்கு வீட்டு அனுமதி என்று ரத்து செய்துவிட்டார்கள். அவள் வரவே இல்லை என்று சொன்னாள். அப்படியானால் கார்டை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறாய், அது வேலையை விட்டு நீக்கும் குற்றம் என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் பத்துக்குள் பதில் தர வேண்டும்.

எனக்குப் போன் செய்தாள். "அக்கா, என் கார்டு உங்ககிட்டதானே இருக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்கா." பின்னால் அவள் அப்பா யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்னேன், "மெஷின்ல கோளாறும்மா. சரி பண்ணச் சொல்றேன்." அவள் நன்றி சொன்னாள், தம்பி. இரண்டு முறை.

மற்றவர்களுடைய சாதாரண வீட்டு அனுமதிகளும் ஜூன் கடைசியில் புதுப்பிக்க வரும்.

நான் சொன்னால் என் வேலை அன்றே போகும். சொல்லாவிட்டால் அவளுடையது. கணக்கு இவ்வளவுதான். இருந்தும் மூன்று நாளாக மேலாளர் அறைக் கதவு வரை போய்த் திரும்புகிறேன்.

அக்கா

---

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடு. முதலில் அதைச் செய்.

சொல்லிவிடு. மெயிலில் வேண்டாம், நேரில் சொல். பதில் தெரிந்த கேள்வியைத்தான் நீ எனக்கு எழுதியிருக்கிறாய்.

என் கார்டும் என் ஆபீஸில் ஏதோ மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபின் நினைத்துப் பார்த்தேன். அங்கே முகம் தெரியாத யாரோ ஒருவர் தினமும் காலையில் அதை எடுத்து, என் படத்தைப் பார்த்து, "என்னப்பா இன்னிக்கும் லேட்டு?" என்று கேட்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்திருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நீ செய்தது தப்பு. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இருக்க ஒரு காரணம் இருந்தது, அதற்கான அனுமதியை நீ போக்கிவிட்டாய். எனக்கு அப்படிக் காரணம் எதுவும் இல்லை. வெளியே வரப் பழக்கம் விட்டுப்போனதைத்தான் பஸ், வாடகை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை போனால் இங்கே வா. அறை சின்னது. எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வா.

தம்பி

---

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இன்று பகல் பதினொரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேலை நாளில் இந்த நேரத்துக்கு எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. ஒருவரும் இல்லை.

ஜூன் இரண்டாம் தேதி சொன்னேன். கார்டுப் பெட்டியை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஏங்க்கா?" என்றார். மாடிக்காக என்றேன். "மாடிக்காக மட்டுமா?" என்றார். நல்ல மனிதர். போலீஸுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். ஜூன் முப்பதோடு மாடியும் முடிந்தது, நானும் முடிந்தேன். பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன்.

இருபத்தேழின் நோட்டீஸை வாபஸ் வாங்கினார்கள். அனுமதி ஆறு மாதத்துக்கு. நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள், "பதினஞ்சு நாள் நான் தூங்கலைக்கா" என்றாள். பிறகு, "அப்பா எழுந்துட்டார், வைக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள். அதற்குமேல் அவள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

மேலாளர் ஒரு வேலை கொடுத்தார். ஜனவரியில் ஆரம்பித்த அந்த அறிக்கை. "எல்லார்கிட்டயும் பேசினது நீங்க ஒருத்தர்தான். முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். மறுபடி நாற்பத்தொரு பேரையும் கூப்பிட்டேன். நான் செய்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். பதினெட்டுப் பேர் உடனே வைத்துவிட்டார்கள். இருந்தவர்கள் இந்த முறை பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. "என் உச்சரிப்பைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பாங்கக்கா, வீட்லேருந்து எழுதி அனுப்பினா யாருக்கும் தெரியாது" என்றாள் நான்கு. "எனக்கு மாசம் ரெண்டு நாள் படுத்தே ஆகணும். ஆபீஸ்ல எங்கே படுக்க?" இது நாற்பத்தெட்டு. ஒன்பது சொன்னான், "வேலையைச் சீக்கிரம் முடிச்சிடுவேன். அங்கே முடிச்சிட்டும் முடிக்காத மாதிரி உட்காரணும்." முப்பத்தாறு ஜோக் எதுவும் அடிக்கவில்லை. "வந்தா யார் இருப்பாங்க? அவங்களும் இதையே கேட்டுட்டு வராம இருக்காங்க" என்றான். எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதினேன். ஒன்பது பக்கம். மேலாளர் முழுவதையும் படித்தார். "இதை அனுப்பினா அங்கே யாரும் படிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

உன் அறைக்கு வருகிறேன். பதினான்காம் தேதி காலை ரயில். எத்தனை நாள் என்று இப்போது கேட்காதே, எனக்கும் தெரியாது. உன் முகவரியை இத்தனை உறையில் எழுதியிருக்கிறேன், ஒரு முறைகூட அங்கே வந்ததில்லை. ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது என்று எழுது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. தயாரித்தவர் பெயர், பதவி, இருக்கை எண். முதல் இரண்டையும் நிரப்பிவிட்டேன். மூன்றாவதற்குப் பேனா நின்றுவிட்டது. அந்த மாடியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று இருபத்திரண்டு வருடம் எண் போட்டுக் கொடுத்தவள் நான். ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கதவுப் பக்கத்தில் இருந்த என் மேசைக்கு எண் இல்லை. யாரும் மறக்கவில்லை, நான்தான் போடவில்லை.

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அக்கா